அயனிச் சேர்மங்களின் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யாமல் எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சோடியம் குளோரைடு என்றால் NaCl என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். அலுமினியம் சல்பேட் என்று கேட்டால் பாதிப் பேர் தயங்குவார்கள். இரும்பு(III) கார்பனேட் என்று வந்துவிட்டால் பேனா நின்றே போகும். வாய்ப்பாடுகளை மனப்பாடம் செய்கிறோம், அயனிகளை (மின்சுமை ஏற்ற அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள்) மனப்பாடம் செய்வதில்லை என்பதுதான் இதற்குக் காரணம். செய்ய வேண்டியது நேர்மாறாக. பதினைந்து நேர் அயனிகளும் பதினைந்து எதிர் அயனிகளும் மனதில் பதிந்துவிட்டால், அவற்றை ஜோடி சேர்த்து 225 வாய்ப்பாடுகளைத் தாளிலேயே வருவித்துவிடலாம்.

பள்ளியில் பெரும்பாலும் இணைதிறன்களை (இங்கே அயனியின் மின்சுமை எண்) குறுக்கே மாற்றி எழுதும் முறையைத்தான் சொல்லித் தருகிறார்கள். வேகமான முறைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதை மட்டும் கற்றவர்கள் Mg₂O₂ என்று எழுதுவார்கள், Fe₃O₄ எப்படி வந்தது என்று விழிப்பார்கள். அதனால் இங்கே மின்சுமைக் கணக்கை முதலில் பார்த்துவிட்டு, குறுக்கு முறையை அதன் சுருக்கமாக வைத்துக்கொள்வோம்.

வாய்ப்பாடு என்ன சொல்கிறது?

ஒரு கல் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் கைகோத்த தனித்தனி ஜோடிகள் கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் அயனிகள், இப்படியே முப்பரிமாணத்தில் நீண்டுகொண்டே போகும் அடுக்கு அது. தந்தையும் மகனுமான பிராக்குகள் எக்ஸ் கதிர்களைக் கொண்டு 1913-இல் இதைக் கண்டறிந்தார்கள். படிக ஆய்வுக்காக இருவருக்கும் 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியென்றால் NaCl என்பது ஒரு மூலக்கூறின் படம் அல்ல. அந்த அடுக்கில் எத்தனை சோடியத்துக்கு எத்தனை குளோரைடு என்ற விகிதம் மட்டுமே அது. விகிதம் என்பதால் எப்போதும் மிக எளிய முழு எண்களில் எழுதுகிறோம்.

இன்னொன்று, கல் உப்புக்கு மொத்தத்தில் மின்சுமை இல்லை. உள்ளே இருக்கும் நேர் மின்சுமைகளும் எதிர் மின்சுமைகளும் சரிக்குச் சரி. வரவும் செலவும் நேராகி, இருப்பு சுழியமாக நிற்கும் கணக்கு மாதிரி. இனி வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரே விதியிலிருந்து பிறப்பவைதான்.

முதல் படி: பெயரை இரண்டாகப் பிரியுங்கள்

பெயரின் முதல் பகுதி நேர் அயனி, இரண்டாம் பகுதி எதிர் அயனி. கால்சியம் | குளோரைடு, பொட்டாசியம் | நைட்ரேட், அம்மோனியம் | சல்பேட். வாய்ப்பாட்டிலும் இதே வரிசைதான்.

முன்னால் இருப்பது உலோகமா அல்லது அம்மோனியமா என்று ஒருமுறை பாருங்கள். இரண்டுமில்லாமல் கார்பன் டை ஆக்சைடு, பாஸ்பரஸ் டிரைகுளோரைடு என்று இருந்தால் அது அலோகங்கள் சேர்ந்த சகப்பிணைப்புச் சேர்மம். அங்கே டை, டிரை என்று பெயரே எண்ணிக்கையைச் சொல்லிவிடும். அயனிக் கணக்கு வேண்டாம். அயனிச் சேர்மத்தில் எண்ணிக்கையைப் பொதுவாகப் பெயர் சொல்லாது. CaCl₂-வைக் கால்சியம் குளோரைடு என்றே அழைக்கிறோம், அந்த 2-ஐ நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாம் படி: மின்சுமையைக் கண்டறியுங்கள்

சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு 2, 8, 1. கடைசி ஒன்றை இழந்தால் நியானைப் போல 2, 8 என்று நிலைபெறும், எனவே Na⁺. மெக்னீசியம் 2, 8, 2. இரண்டை இழந்து Mg²⁺. குளோரின் 2, 8, 7. ஒன்றைப் பெற்று Cl⁻. தனிம வரிசை அட்டவணையின் தொகுதி எண்ணே இதைக் காட்டிக்கொடுக்கும்:

தொகுதி 1 (Li, Na, K): 1+
தொகுதி 2 (Mg, Ca, Ba): 2+
அலுமினியம்: 3+
தொகுதி 15-இல் நைட்ரஜன், பாஸ்பரஸ்: 3−
தொகுதி 16-இல் ஆக்சிஜன், சல்பர்: 2−
தொகுதி 17 (F, Cl, Br, I): 1−

அட்டவணையின் நடுப்பகுதி உலோகங்களில் வெள்ளி Ag⁺, துத்தநாகம் Zn²⁺ இரண்டையும் அப்படியே நினைவில் வையுங்கள். இரும்பு, தாமிரம், பாதரசம் போன்றவை ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமை காட்டும்; அவற்றுக்குப் பிறகு வருவோம்.

அடுத்து, பல அணுக்கள் சேர்ந்து ஒரே அயனியாக நிற்பவை. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே இங்கே கொஞ்ச நேரம் செலவிடுவது நல்லது.

அம்மோனியம் NH₄⁺
ஹைட்ராக்சைடு OH⁻
நைட்ரேட் NO₃⁻
கார்பனேட் CO₃²⁻
சல்பேட் SO₄²⁻
பாஸ்பேட் PO₄³⁻
குளோரேட் ClO₃⁻
பெர்மாங்கனேட் MnO₄⁻
டைகுரோமேட் Cr₂O₇²⁻

இந்த ஒன்பதும் கட்டாயம் மனப்பாடமாக வேண்டும். மற்ற பலவற்றை இவற்றிலிருந்தே பெறலாம். பெயர் "ஏட்" என்பதிலிருந்து "ஐட்" என்று மாறினால் ஒரு ஆக்சிஜன் குறையும், மின்சுமை மாறாது. நைட்ரேட் NO₃⁻ என்றால் நைட்ரைட் NO₂⁻. சல்பேட் SO₄²⁻ என்றால் சல்பைட் SO₃²⁻. "ஐடு" என்று முடிந்தால் பெரும்பாலும் ஆக்சிஜனே இல்லாத ஒற்றைத் தனிமம்: சல்பைடு S²⁻, நைட்ரைடு N³⁻. ஹைட்ராக்சைடும் சயனைடும் (CN⁻) இதற்கு விலக்கு. சல்பைடு, சல்பைட், சல்பேட் மூன்றும் காதில் ஒன்றுபோலவே விழும். வினாவைப் படிக்கும்போது கடைசி எழுத்து வரை படியுங்கள்.

இரண்டாவது ஒழுங்கு இன்னும் பயனுள்ளது. ஒரு எதிர் அயனியோடு H⁺ ஒன்று சேர்ந்தால், எதிர் மின்சுமை ஒன்று குறையும். CO₃²⁻ உடன் ஒரு H⁺ சேர்ந்தால் HCO₃⁻, அதாவது பைகார்பனேட். சமையலறை ஆப்ப சோடா NaHCO₃, சலவை சோடாவில் இருப்பது Na₂CO₃. முன்னதில் சோடியம் ஏன் ஒன்று, பின்னதில் ஏன் இரண்டு என்பது இப்போது புரியும். இதே வழியில் PO₄³⁻, HPO₄²⁻, H₂PO₄⁻ என்று படிப்படியாக இறங்கலாம்.

மூன்றாம் படி: மின்சுமைகளை நேர் செய்யுங்கள்

மெக்னீசியம் குளோரைடு. கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தபின் உப்பளத்தில் எஞ்சும் கசப்பு நீரில் இது நிறைய உண்டு. Mg²⁺ ஒன்றுக்கு வரவு 2. Cl⁻ ஒன்று 1-ஐத்தான் ஈடுகட்டும். எனவே இரண்டு குளோரைடு வேண்டும்: MgCl₂. ஒன்று என்ற எண்ணை எழுதுவதில்லை.

அலுமினியம் ஆக்சைடு கொஞ்சம் யோசிக்க வைக்கும். Al³⁺, O²⁻. ஒரு அலுமினியம் வைத்தால் 3, அதை இரண்டிரண்டாக ஈடுகட்ட முடியாது. 3-க்கும் 2-க்கும் மீச்சிறு பொது மடங்கு 6. நேர் பக்கம் 6 வர இரண்டு அலுமினியம், எதிர் பக்கம் 6 வர மூன்று ஆக்சைடு: Al₂O₃. சரிபார்க்க, 2 × (+3) = +6, 3 × (−2) = −6, கூட்டினால் சுழியம்.

குறுக்கு முறை செய்வதும் இதையேதான். அலுமினியத்தின் 3 ஆக்சிஜனுக்குக் கீழே போகிறது, ஆக்சிஜனின் 2 அலுமினியத்துக்குக் கீழே போகிறது. இரண்டு எண்களுக்கும் பொது வகுத்தி இல்லாதவரை அது அப்படியே சரியாக வரும். பொது வகுத்தி இருந்தால் சிக்கல். மெக்னீசியம் ஆக்சைடில் Mg²⁺, O²⁻. கண்ணை மூடிக் குறுக்கே மாற்றினால் Mg₂O₂. ஒரு Mg-க்கு ஒரு O போதுமே! எனவே MgO. ஈயம்(IV) ஆக்சைடும் அப்படித்தான்: Pb₂O₄ என்று வருவதை வகுத்து PbO₂ என்று எழுத வேண்டும்.

எழுதும்போது ஒரு ஒழுங்கும் தேவை. வாய்ப்பாட்டில் கீழ்க்குறி அயனிகளின் எண்ணிக்கை, மேல்குறி மின்சுமை. முடிந்த வாய்ப்பாட்டில் மேல்குறி மிச்சம் இருக்கக் கூடாது. அதேபோல எழுத்தின் பெரிது, சிறிதும் முக்கியம்: Co என்றால் கோபால்ட், CO என்றால் கார்பன் மோனாக்சைடு.

நான்காம் படி: அடைப்புக்குறி எப்போது?

பல அணு அயனி ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டால், அதை அடைப்புக்குறிக்குள் வைத்து எண்ணை வெளியே எழுத வேண்டும். ஒன்று மட்டும் போதுமென்றால் அடைப்புக்குறி வேண்டாம்.

இதற்கு வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கிளிஞ்சல் என்பது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்; Ca²⁺, CO₃²⁻, ஒன்றுக்கு ஒன்று: CaCO₃. அதைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு கிடைக்கும். Ca²⁺, O²⁻, மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று: CaO. அந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீற்றிய சுண்ணாம்பாகும். அது கால்சியம் ஹைட்ராக்சைடு. Ca²⁺-க்கு இரண்டு OH⁻ வேண்டும்: Ca(OH)₂. அடைப்புக்குறியை விட்டுவிட்டு CaOH₂ என்று எழுதினால் ஒரு ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் என்று பொருளாகிவிடும். மின்சுமைக் கணக்கே குலைந்துபோகும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மெல்ல மெல்ல மீண்டும் CaCO₃ ஆகி இறுகும். முதலிலிருந்து கடைசி வரை கால்சியம் Ca²⁺ ஆகவே இருக்கிறது. கூட நிற்கும் எதிர் அயனிதான் மாறுகிறது. மூன்று தனி வாய்ப்பாடுகளை உருப்போடுவதற்கும் ஒரு அயனியைத் தெரிந்துவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரியும்.

தொடக்கத்தில் கேட்ட அலுமினியம் சல்பேட்: Al³⁺, SO₄²⁻, மீச்சிறு பொது மடங்கு 6, ஆகவே Al₂(SO₄)₃. வெளியே உள்ள 3 உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பெருக்கும்: அலுமினியம் 2, சல்பர் 3, ஆக்சிஜன் 12. இரும்பு(III) கார்பனேட்டும் அதே கணக்குதான், Fe₂(CO₃)₃. இப்படி ஒரு சேர்மம் எளிதில் நிலைத்து நிற்காது என்பது வேறு விஷயம். மின்சுமைக் கணக்கு வாய்ப்பாட்டைத் தரும். அந்தப் பொருள் உண்மையில் புட்டியில் கிடைக்குமா என்பதைத் தராது.

நேர் அயனிக்கும் அடைப்புக்குறி வரலாம். அம்மோனியம் சல்பேட் (NH₄)₂SO₄. உரம் போடுகிறவர்களுக்கு இந்தச் சிறிய 2 நேரடியாகப் பயன்படும். இரண்டு நைட்ரஜனின் நிறை 28, மொத்த வாய்ப்பாட்டு நிறை 132. வகுத்தால் தூய அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 21% நைட்ரஜன் என்று வரும். அந்த 2-ஐ மறந்திருந்தால் விடை பெரிதாகத் தவறியிருக்கும்.

ஐந்தாம் படி: மின்சுமை மாறும் உலோகங்கள்

இரும்பு Fe²⁺ ஆகவும் Fe³⁺ ஆகவும் இருக்கும். தாமிரம் Cu⁺, Cu²⁺. காரீயமும் வெள்ளீயமும் 2+, 4+. வெறுமனே "இரும்பு குளோரைடு" என்று சொன்னால் விடை சொல்ல முடியாது. அதனால்தான் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-இல் முன்வைத்த முறைப்படி அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் போடுகிறோம். இரும்பு(II) குளோரைடு FeCl₂, இரும்பு(III) குளோரைடு FeCl₃. அந்த ரோமன் எண் உலோகத்தின் மின்சுமை; அணுக்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் குழப்பம்தான் பல மதிப்பெண்களைத் தின்கிறது. தாமிரம்(II) ஆக்சைடு CuO, தாமிரம்(I) ஆக்சைடு Cu₂O. பெயரில் I வரும் இடத்தில் வாய்ப்பாட்டில் 2 வருகிறது! முன்னது கருப்பு, பின்னது சிவப்பு. ஒரு எண் மாறினால் பொருளே வேறு.

பழைய பெயர்களும் இன்னும் புழக்கத்தில் உண்டு. பெரஸ் என்றால் Fe²⁺, பெரிக் என்றால் Fe³⁺. குப்ரஸ் Cu⁺, குப்ரிக் Cu²⁺. "அஸ்" குறைந்த மின்சுமை, "இக்" கூடிய மின்சுமை. இரத்தசோகைக்குத் தரும் பெரஸ் சல்பேட் மாத்திரையில் இருப்பது FeSO₄.

பாதரசத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் வீரம், பூரம் என்று இரண்டு பாடாணங்கள் உண்டு. இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. வீரம் HgCl₂, கடும் நஞ்சு, தண்ணீரில் கரையும். பூரம் Hg₂Cl₂, தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. (வீரத்தின் படிகத்தில் தனித்தனி மூலக்கூறுகளே இருப்பதால் அதை முழு அயனிச் சேர்மம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் வாய்ப்பாட்டுக் கணக்கு இதேதான்.) பூரத்தை ஏன் HgCl என்று சுருக்குவதில்லை? பாதரசம்(I) தனி அணுவாக நிற்காது. இரண்டு அணுக்கள் தமக்குள் பிணைந்து Hg₂²⁺ என்ற ஒரே அயனியாக நிற்கும். அந்த ஜோடியைப் பிரித்தால் அது வேறு பொருள். வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் 1896-இல் அறிவித்த மெர்குரஸ் நைட்ரைட்டும் இதனால்தான் Hg₂(NO₂)₂ என்று எழுதப்படுகிறது. பெராக்சைடும் இதே வகை: O₂²⁻ ஒரே அயனி, எனவே சோடியம் பெராக்சைடு Na₂O₂, NaO அல்ல. எளிய விகிதத்துக்குச் சுருக்கும்போது அயனிகளின் எண்ணிக்கையைச் சுருக்கலாம், அயனியின் உள்ளே கை வைக்கக் கூடாது. K₂Cr₂O₇-இல் இரண்டு 2 இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஆறாம் படி: திரும்பி நடந்து பாருங்கள்

வாய்ப்பாட்டைப் பார்த்து அயனிகளைச் சொல்ல முடிந்தால்தான் பாடம் கைவந்ததாகப் பொருள். Fe₂O₃: ஆக்சைடு மூன்று, மொத்தம் −6, இரண்டு இரும்பு அதை ஈடுகட்ட, ஒவ்வொன்றும் +3. எனவே இரும்பு(III) ஆக்சைடு.

சரி, சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட் தாதுவைப் பார்ப்போம்: Fe₃O₄. ஆக்சைடு நான்கு, மொத்தம் −8. மூன்று இரும்பு சேர்ந்து +8 தர வேண்டும். சமமாகப் பிரித்தால் 8/3. எந்த அயனிக்கும் இப்படி ஒரு மின்சுமை இருக்க முடியாது. குறுக்கு முறை மட்டும் தெரிந்தவர் இங்கே நின்றுவிடுவார். கணக்கு தெரிந்தவர் இரண்டு வகை இரும்பும் கலந்திருக்கலாமே என்று யோசிப்பார்: ஒரு Fe²⁺, இரண்டு Fe³⁺. 2 + 3 + 3 = 8. உண்மையில் மேக்னடைட்டின் அமைப்பு அதுதான்.

படிக நீர்

மயில்துத்தம் CuSO₄·5H₂O. நடுப்புள்ளிக்குப் பின்னால் வருவது படிகத்துக்குள் அடங்கிய நீர். நீருக்கு மின்சுமை இல்லை என்பதால் அயனிக் கணக்கை அது தொடாது. முதலில் CuSO₄ எழுதிவிட்டு, நீரைச் சேர்த்தால் போதும். எத்தனை நீர் என்பதை மின்சுமையிலிருந்து வருவிக்க முடியாது, சோதனையில்தான் கண்டறிய வேண்டும். சோதனைக்குழாயில் சூடாக்கினால் நீல நிறம் போய் வெண்மையான பொடியாகும், ஒரு துளி தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும். வாய்ப்பு கிடைத்தால் ஆய்வகத்தில் அவசியம் பாருங்கள்.

செய்து பார்க்க ஆறு

விடைகளை மறைத்துக்கொண்டு முயலுங்கள்: பேரியம் நைட்ரேட், மெக்னீசியம் நைட்ரைடு, கால்சியம் பாஸ்பேட், படிகாரம் (பொட்டாசியமும் அலுமினியமும் சல்பேட்டோடு சேர்ந்தது, 12 நீர்), ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் வரும் டிரைசோடியம் சிட்ரேட் (சிட்ரேட் C₆H₅O₇), உரக்கடை டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்).

முதலாவது Ba(NO₃)₂. இரண்டாவதில் "ஐடு" என்பதைக் கவனித்தீர்களா? N³⁻, எனவே Mg₃N₂. மூன்றாவது Ca₃(PO₄)₂. படிகாரத்தில் நேர் பக்கம் K⁺ ஒன்று, Al³⁺ ஒன்று, கூடினால் +4. இரண்டு சல்பேட் அதை ஈடுகட்டும்: KAl(SO₄)₂·12H₂O. சிட்ரேட்டின் மின்சுமையை நான் சொல்லவில்லை. மூன்று சோடியம் என்று பெயர் சொல்வதால் அது 3− ஆகத்தான் இருக்க வேண்டும்: Na₃C₆H₅O₇.

டி.ஏ.பி.-யில் "டை" என்பதால் அம்மோனியம் இரண்டு, ஆகவே +2. பாஸ்பேட்டோ 3−. ஒன்று இடிக்கிறது. இரண்டாம் படியில் பார்த்த ஏணியில் ஒரு படி இறங்குங்கள்: 2− உள்ள பாஸ்பேட் HPO₄²⁻. எனவே (NH₄)₂HPO₄. இன்னும் ஒரு படி இறங்கி H₂PO₄⁻ எடுத்தால் அம்மோனியம் ஒன்றே போதும். அது மோனோ அம்மோனியம் பாஸ்பேட், NH₄H₂PO₄.